மூளைக்குள் குறிபார்க்கும் மின்னோட்டம்: போரின் காயங்களோடு வாழ்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

தலையைத் திறக்காமல், தோலின் மேல் வைக்கும் மின்வாய்கள் ஊடாக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி மனச்சோர்வையும் நாட்பட்ட வலியையும் போர் தந்த மனவடுவையும் குறைக்கலாம் என்ற செய்திகள் கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி வெளிவருகின்றன. தலையில் பட்டி போல அணியும் கருவிகளுக்கு இணையத்தில் விளம்பரங்களும் வருகின்றன. ஆய்வுச் செய்திகளிலும் விளம்பரங்களிலும் இப்போது ஒரு சொல் தவறாமல் இடம்பெறுகிறது. ‘துல்லியம்’ என்பதே அந்தச் சொல். மூளையின் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறதோ அந்தப் பகுதியை மட்டும் மின்னோட்டம் சென்றடையும் என்பது அதன் பொருள்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் உண்டு. புலம்பெயர் நாடுகளில் உள்ளவர்கள் சிலர், ஊரிலுள்ள தங்கள் உறவுகளுக்கு இப்படியொரு கருவியை வாங்கி அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருவருடைய தமையனுக்கு இழந்துபோன காலில் இன்னமும் வலி. இன்னொருவருடைய தாய் 2009 இற்குப் பிறகு இரவில் ஒழுங்காக உறங்கியதில்லை. இவர்களுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. துல்லியம் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது, அது எவ்வளவு தூரம் உண்மை, யாருடைய தலைக்கு அது பொருந்தும் என்பவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போரும் மின்சாரமும்: ஒரு பழைய கதை

மின்சாரத்தை மருந்தாகப் பயன்படுத்தும் எண்ணம் புதியதல்ல. உரோம மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், முதலாம் நூற்றாண்டிலேயே தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொன்னார். 1800 களின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோஞா நகரைச் சேர்ந்த ஜியோவானி அல்தீனி, அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த பற்றரியைக் கொண்டு மனச்சோர்வு நோயாளர்களின் தலைக்கு மின்னோட்டம் கொடுத்தார்.

எங்களைப் போன்றவர்கள் மறக்கக்கூடாத அத்தியாயம் முதலாம் உலகப் போரில் வருகிறது. எறிகணை அதிர்ச்சியால் பேச்சிழந்து, நடுங்கி, நடக்க முடியாமற்போன படைச் சிப்பாய்களுக்கு ஜேர்மனிய மருத்துவர் பிரிற்ஸ் கவுப்மன் 1916 இல் ஒரு சிகிச்சையை முன்வைத்தார். வலி தரும் பலமான மின்னோட்டத்தை உடலில் பாய்ச்சி, இராணுவத் தொனியில் கட்டளைகளைப் பிறப்பித்து, நோயை விட்டு வெளியேற வைப்பதே அந்த முறை. அந்த வலியைவிடப் போர்முனையே மேல் என்று சிப்பாய் நினைக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம். சிலர் அதில் இறந்தும் போனார்கள். போர் முடிந்த பின் 1920 இல் வியன்னாவில் பேராசிரியர் வாக்னர் யவுரெக் மீது இது தொடர்பான விசாரணை நடந்தது. சிக்மண்ட் பிராய்ட் அதில் நிபுணர் கருத்து வழங்கினார். வாக்னர் யவுரெக் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். 1927 இல் வேறொரு சிகிச்சைக்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இன்றைய மென்மின் தூண்டலும் அதுவும் ஒன்றல்ல. இன்று பயன்படும் மின்னோட்டம் பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லி அம்பியர் மட்டுமே. தோலில் சிறு குறுகுறுப்பும் கடியும் தெரியும். வலி பெரிதாக இராது. வைத்தியசாலைகளில் மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் மின்வலிப்புச் சிகிச்சையோடும் இதைக் குழப்பக்கூடாது. ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லப்படும் அந்தச் சிகிச்சை மூளையில் வலிப்பை உண்டாக்குகிறது. மென்மின் தூண்டல் வலிப்பை உண்டாக்குவதில்லை. ஆயினும் ஒரு சிகிச்சை யாருடைய நன்மைக்காகச் செய்யப்படுகிறது என்ற கேள்வி 1916 இல் எவ்வளவு தேவைப்பட்டதோ, இன்றும் அவ்வளவு தேவைப்படுகிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

மின்னோட்டம் எங்கே போகிறது?

நவீன முறை 2000 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் கோற்றிங்கன் நகரில் மைக்கல் நிற்சே, வால்ற்றர் பவுலஸ் ஆகியோரின் ஆய்வோடு பரவத் தொடங்கியது. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சு மின்வாய்கள் தலையில் வைக்கப்படும். ஒவ்வொன்றும் வழக்கமாக 5 இற்கு 7 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஒரு உள்ளங்கையளவு. ஒன்றிலிருந்து புறப்படும் மின்னோட்டம் மற்றதற்குப் போக வேண்டும்.

பாடசாலையில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் அடுத்த பகுதி விளங்கும். மின்னோட்டம் தடை குறைந்த பாதையைத் தேடிச் செல்லும். தலையின் தோல் ஈரமானது, நல்ல கடத்தி. அதற்குக் கீழுள்ள மண்டையோடு பெருந்தடை. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள மூளைய முண்ணாண் பாய்பொருளோ உப்புநீர் போல, மிகச் சிறந்த கடத்தி. ஆகவே செலுத்தப்படும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோலின் வழியே ஒரு மின்வாயிலிருந்து மற்றதற்கு ஓடிவிடுகிறது. உள்ளே நுழைவதும் அந்தப் பாய்பொருளில் பரவிவிடுகிறது. 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, இறந்தவர்களின் உடல்களில் அளந்து பார்த்தபோது, செலுத்திய மின்னோட்டத்தின் ஏறத்தாழ 75 வீதம் தோலாலும் மண்டையோட்டாலும் தடுக்கப்படுவதாகக் காட்டியது.

உயிருள்ளவர்களிலும் அளந்திருக்கிறார்கள். வலிப்பு நோய்ச் சத்திரசிகிச்சைக்காக ஏற்கனவே மூளைக்குள் மின்வாய்கள் பொருத்தப்பட்டிருந்த பத்து நோயாளர்களின் சம்மதத்துடன் நியூயோர்க்கில் நடந்த அந்த ஆய்வு 2017 இல் வெளியானது. 2 மில்லி அம்பியர் கொடுத்தபோது மூளையின் மேற்பட்டையில் உண்டான மின்புலம் உச்சமாக மீற்றருக்கு 0.8 வோல்ற். விலங்குகளில் ஏதாவது விளைவைக் காண்பதற்குத் தேவையான அளவின் கீழ் எல்லை அதுதான்.

இவ்வளவு மெல்லிய புலம் ஓய்ந்திருக்கும் நரம்புக்கலத்தைச் சுட வைக்காது. ஏற்கனவே சுடத் தயாராக இருக்கும் கலத்தைச் சற்று முன்னே தள்ளும், அல்லது பின்னே இழுக்கும். அவ்வளவுதான். இதனால் மின்னோட்டம் எங்கே போகிறது என்பதோடு, அந்த நேரத்தில் மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதும் முக்கியமாகிறது. துல்லியம் பற்றிய முழு விவாதமும் இந்த இடத்திலிருந்துதான் கிளைக்கிறது.

இடத்தைக் குறிவைத்தல்

முதற் கேள்வி இடம். உள்ளங்கையளவு பஞ்சு இரண்டை வைத்தால் மின்புலம் மூளையின் பெரும் பரப்பில் பரவுகிறது. பல வேளைகளில் அதன் உச்சம் மின்வாய்க்கு நேர்கீழே இருப்பதில்லை. இரண்டு மின்வாய்களுக்கும் இடையே எங்கோ இருக்கிறது. நோக்கம் ஓரிடம், விளைவு வேறிடம் என்று ஆகிவிடலாம்.

இதற்கு நியூயோர்க் சிற்றி கல்லூரியின் மரோம் பிக்சன் குழுவினர் 2009 இல் ஒரு வழியை முன்வைத்தனர். பெரிய பஞ்சுக்குப் பதிலாகச் சிறிய வட்ட மின்வாய்கள். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி வளையமாக நான்கு. நடுவிலிருந்து நுழையும் மின்னோட்டம் சுற்றியுள்ள நான்கின் வழியே திரும்பிவிடுவதால் மின்புலம் வளையத்துக்குள் அடங்குகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மின்வாய்கள் நெருங்க நெருங்க மின்னோட்டம் தோலின் வழியே குறுக்குப் பாதையில் ஓடுவது கூடுகிறது. குறி கூர்மையாகும், உள்ளே சேரும் அளவு குறையும், ஆழத்துக்குப் போகவே போகாது. கூர்மையையும் வலிமையையும் ஒருசேரப் பெறுவது இன்றுவரை கைகூடவில்லை.

ஆழம்தான் பெரிய சிக்கல். ஞாபகத்தோடு தொடர்புடைய ஹிப்போகம்பஸ், அச்சத்தைக் கையாளும் அமிக்டலா போன்ற பகுதிகள் மூளையின் உட்பகுதியில் உள்ளன. மேலிருந்து மின்னோட்டம் செலுத்தி அவற்றை அடைய முயன்றால் வழியிலுள்ள மேற்பட்டைதான் கூடுதலாகத் தூண்டப்படும்.

இதற்கான புதிய யோசனை 2017 இல் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் நிர் குரொஸ்மன், எட் போய்டன் ஆகியோரின் குழு இரண்டு சோடி மின்வாய்களைப் பயன்படுத்தியது. ஒரு சோடியில் 2000 ஹேர்ட்ஸ் மீடிறன் கொண்ட மின்னோட்டம், மற்றதில் 2010 ஹேர்ட்ஸ். இவ்வளவு உயர்ந்த மீடிறனுக்கு நரம்புக்கலங்கள் ஈடுகொடுப்பதில்லை என்பது கருத்து. இரண்டும் மூளைக்குள் சந்திக்கும் இடத்தில் மட்டும், அவற்றின் வித்தியாசமான 10 ஹேர்ட்ஸ் வேகத்தில் அலை ஏறி இறங்கும். அதற்குக் கலங்கள் எதிர்வினை காட்டும். கோயிலில் இரண்டு நாதஸ்வரங்கள் சுருதியில் மிகச் சிறிது பிசகினால் காதில் ஓர் அதிர்வு ஏறி இறங்குவது போன்றது இது. எலிகளில் இந்த முறையால், மேற்பட்டையைத் தூண்டாமலே ஆழத்திலுள்ள ஹிப்போகம்பஸைத் தூண்ட முடிந்தது. மின்வாய்களை நகர்த்தாமலே, இரண்டு மின்னோட்டங்களின் விகிதத்தை மாற்றிக் குறியை நகர்த்தவும் முடிந்தது.

எலியின் தலை சிறியது. மனிதத் தலையில் இது நடக்குமா என்ற கேள்விக்கு 2023 இல் இரண்டு ஆய்வுகள் முதற்பதிலைத் தந்தன. பிரித்தானியாவின் இம்பீரியல் கல்லூரிக் குழுவினர், ஆரோக்கியமானவர்களின் ஹிப்போகம்பஸின் செயற்பாட்டை இம்முறையால் மாற்றி, முகங்களையும் பெயர்களையும் இணைத்து நினைவில் வைக்கும் திறனில் முன்னேற்றத்தைக் கண்டனர். சுவிற்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கல்லூரிக் குழுவினர் அசைவுகளைக் கற்பதோடு தொடர்புடைய ஸ்ட்ரையேற்றம் என்ற ஆழ்பகுதியைக் குறிவைத்தனர். முதியவர்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது.

இவை முக்கியமான அடிகள். ஆனால் இவற்றில் பங்கேற்றவர்கள் சிறு எண்ணிக்கையினர். அவர்கள் நோயாளர்களும் அல்லர். மனிதத் தலையில் ஆழத்தில் உண்டாகும் புலம் மிக மெல்லியது. உயர் மீடிறன் மின்னோட்டம் வழியிலுள்ள நரம்புகளை ஒன்றும் செய்வதில்லை என்பதையும் எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ‘சத்திரசிகிச்சை இல்லாமலே ஆழ்மூளைச் சிகிச்சை’ என்று தலைப்பிடும் செய்திகளை வாசிக்கும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆளுக்கு ஆள் மாறும் அளவு

இரண்டாவது கேள்வி அளவு. எல்லோருக்கும் 2 மில்லி அம்பியர் என்று கருவி காட்டும். ஆனால் மண்டையோட்டின் தடிப்பு, மூளை மடிப்புகளின் அமைப்பு, பாய்பொருளின் அளவு என்பன ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஒருவருடைய மூளையில் உண்டாகும் புலம் இன்னொருவருடையதைப்போல இரண்டு மடங்காகக்கூட இருக்கலாம். மருந்தில் இப்படி நடந்தால் பாதிப்பேர் அரைக் குளிசையும் மீதிப்பேர் முழுக் குளிசையும் எடுத்ததாக ஆகிவிடும்.

இதற்குத் தீர்வாக, ஒவ்வொருவருடைய தலையையும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, கணினியில் அந்தத் தலையின் மாதிரியை உருவாக்கி, மின்வாய்கள் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு மின்னோட்டம் கொடுக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். மேலே சொன்ன நியூயோர்க் ஆய்வில், கணினி மாதிரி கணித்த மின்புலமும் மூளைக்குள் நேரடியாக அளந்த மின்புலமும் பெரிதும் ஒத்துப்போயின. ஆகவே இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. இந்தத் துறையில் உறுதியாகக் கிடைத்திருக்கும் முன்னேற்றம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது கேள்வி நேரம். மெல்லிய புலம் தனியாக அதிகம் சாதிப்பதில்லை. நடைப்பயிற்சி செய்யும்போது, உளச்சிகிச்சை நடக்கும்போது, ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது கொடுத்தால், அந்த வேளையில் இயங்கும் நரம்புத் தொடர்புகளுக்கு அது துணையாக நிற்கலாம். அதனால்தான் இப்போது பல ஆய்வுகள் மின்தூண்டலைத் தனிச்சிகிச்சையாக அன்றி, பயிற்சியோடும் உளச்சிகிச்சையோடும் இணைத்துப் பரிசோதிக்கின்றன.

நோயாளர்களில் கண்டது என்ன?

மனச்சோர்வைப் பொறுத்தவரை முடிவுகள் ஒரே திசையில் இல்லை. பிரேசிலில் 245 பேரிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வில், மின்தூண்டலானது வழக்கமான மாத்திரை ஒன்றுக்குக் குறைந்ததல்ல என்று நிறுவ முடியவில்லை. ஜேர்மனியில் 160 பேரோடு நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், மாத்திரையோடு மின்தூண்டலைச் சேர்த்தவர்களும் போலித்தூண்டல் பெற்றவர்களும் ஒரேயளவில்தான் தேறினார்கள். 2024 இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலுமாக 174 பேர் வீட்டிலிருந்தே பயன்படுத்திய ஆய்வில் நிலைமை வேறு. பத்து வாரங்களின் முடிவில், உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 44.9 வீதமானோரும் போலித்தூண்டல் பெற்றவர்களில் 21.8 வீதமானோரும் நோயறிகுறிகள் நீங்கிய நிலையை அடைந்தனர்.

இந்த ஆய்வுகள் எவற்றிலும் ஒவ்வொருவருடைய தலைக்கும் ஏற்பக் கணித்து மின்வாய்கள் வைக்கப்படவில்லை. எல்லோருக்கும் நெற்றியில் ஒரே இடம், ஒரே அளவு. முடிவுகள் முரண்படுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் துல்லியமாக வைத்திருந்தால் நிச்சயம் பலன் கிடைத்திருக்கும் என்று சொல்வதற்கும் இன்னும் ஆதாரம் போதாது. தோலில் ஏற்படும் குறுகுறுப்பை வைத்துத் தனக்குக் கிடைப்பது உண்மையா போலியா என்று நோயாளர் ஊகித்துவிடும் சிக்கலும் இருக்கிறது.

இழந்த அவயவத்தில் வரும் வலி பற்றிய ஆய்வு எங்கள் சமூகத்தோடு நேரடியாகப் பேசுகிறது. கண்ணிவெடியிலும் எறிகணையிலும் கால்களை இழந்தவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் பேர். ஜெய்ப்பூர் நிலையம் தந்த செயற்கைக் காலில் நடந்து திரிபவர்கள்கூட, இல்லாத பாதத்தில் எரிவும் குத்தலும் இருப்பதாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ‘இல்லாத காலில் எப்படி வலி’ என்று வீட்டிலேயே கேலிக்கு ஆளானவர்களும் உண்டு. அந்த வலி உண்மையானது. கால் போன பின்பும் மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் அப்படியே இருக்கிறது. பொஸ்ரனை மையமாகக் கொண்ட குழு ஒன்று, விபத்துகளாலும் காயங்களாலும் காலை இழந்த 112 பேரிடம் நடத்தி 2021 இல் வெளியிட்ட ஆய்வில், அசைவுக்குரிய மேற்பட்டையில் கொடுத்த மின்தூண்டல் இந்த வலியைக் குறைத்தது. கண்ணாடி முன் செய்யும் பயிற்சியைச் சேர்த்ததால் மேலதிக பலன் தெரியவில்லை. பெரிய ஆய்வுகளில் இது மீண்டும் உறுதிப்பட வேண்டும். ஆனாலும் இங்குள்ள வைத்தியர்களும் பல்கலைக்கழகங்களும் கவனிக்க வேண்டிய முடிவு இது.

மனவடுவைப் பொறுத்தவரை, 2024 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 54 முன்னாள் படையினர் பங்கேற்றனர். போர்க்களக் காட்சிகளை மெய்நிகர்க் கண்ணாடியில் பார்க்கும் சிகிச்சையின்போதே சிலருக்கு உண்மையான மின்தூண்டலும் மற்றவர்களுக்குப் போலித்தூண்டலும் ஆறு அமர்வுகளில் கொடுக்கப்பட்டன. ஒரு மாதத்தின் பின் பார்த்தபோது உண்மையான தூண்டல் பெற்றவர்களின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்தப் படையினர் போர் முடிந்து வீடு திரும்பியவர்கள். அவர்களுக்கு ஓய்வூதியமும் தனியான வைத்தியசாலைகளும் உண்டு. எங்கள் மக்களின் மனவடுவோ முடிந்துபோன ஒரு சம்பவத்தின் நினைவு மட்டுமல்ல. பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை. காணி திரும்பி வரவில்லை. வாசலில் புலனாய்வாளர்கள் வந்து விசாரிக்கிறார்கள். 2009 இல் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வில், 7 வீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயும், 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வும், 32.6 வீதமானோரிடம் பதகளிப்பும் காணப்பட்டன. முகாம்களில் இருந்தவர்களிடம் இவை இன்னும் அதிகம். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயின் துயரத்துக்கு மூளையில் ஓர் இடத்தைக் குறித்து ‘இங்கே தூண்டினால் சரி’ என்று சொல்லும் துல்லியம் எந்த ஆய்வகத்திலும் கிடையாது.

எங்கள் தலைகள் அந்த ஆய்வுகளில் இல்லை

இந்த ஆய்வுகளில் யார் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் என்பதைவிட யார் விலக்கப்பட்டார்கள் என்பதைப் பார்த்தால் எங்களுக்குரிய பிரச்சினை தெரியும். தலையில் உலோகம் உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள், கடுமையான தலைக்காயம் அடைந்தவர்கள் ஆகியோர் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. அது பாதுகாப்புக்கான விதி, தவறில்லை. ஆனால் போரால் பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் இந்த மூன்று வகைகளில் ஒன்றிலாவது அடங்குவர்.

தலையிலும் கழுத்திலும் செல்துண்டுகளோடு இன்றும் வாழ்பவர்களை வன்னியில் எந்த ஊரிலும் காணலாம். எடுத்தால் ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவைத்த துண்டுகள் அவை. உலோகம் மின்னோட்டத்தின் பாதையை மாற்றும். மண்டையோட்டில் சத்திரசிகிச்சைக்காக வெட்டிய துவாரமோ தகடோ இருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். எலும்பு இல்லாத இடம் தடை இல்லாத கதவு போன்றது. மின்வாய் எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து மின்னோட்டம் அந்த இடத்தில் குவியக்கூடும் என்று கணினி மாதிரிகள் காட்டியிருக்கின்றன. வழக்கமான அளவு அங்கே வழக்கமான அளவாக இராது.

அப்படியென்றால் இவர்களுக்குத்தான் தனித்தனியே கணிக்கும் துல்லிய முறை மிகவும் தேவை. ஆனால் அந்தக் கணிப்புக்கு எம்.ஆர்.ஐ. படம் வேண்டும். தலைக்குள் இரும்புத் துண்டு இருப்பவரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பலமான காந்தத்துக்குள் அனுப்ப முடியாது. துண்டு அசைந்தால் உயிருக்கே ஆபத்து. சி.ரி. படம் எடுக்கலாம், அதில் எலும்பும் உலோகமும் தெரியுமே தவிர மூளையின் மடிப்புகள் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. துல்லியத்தை நோக்கி ஆய்வுலகம் போடும் பாதை, அது மிகவும் தேவைப்படும் காயக்காரருக்கு முதற்படியிலேயே அடைபட்டுவிடுகிறது. சி.ரி. படங்களை வைத்து மாதிரிகள் உருவாக்குவது முடியாத காரியமல்ல. ஆனால் யாராவது அதைக் கேட்க வேண்டும், செலவழிக்கவும் வேண்டும். போர் நடந்த நாடுகளின் நோயாளர்களுக்காக அந்தக் கோரிக்கையை இங்குள்ள மருத்துவ பீடங்களும் புலம்பெயர் வைத்தியர் அமைப்புகளும்தான் முன்வைக்க வேண்டும்.

இன்னொரு விடயம் பேசப்படுவதே இல்லை. தடுப்பில் சித்திரவதைக்கு உள்ளானவர்களின் சாட்சியங்களில் மின்சாரமும் இருக்கிறது. அப்படியான ஒருவருக்கு வயர்களையும் மின்வாய்களையும் காட்டி ‘இது வலிக்காது’ என்று சொல்வது எவ்வளவு பாரதூரமானது என்பதை அந்தக் கருவிகளை வடிவமைத்தவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். இங்கே ஒரு நாள் இந்தச் சிகிச்சை வருமானால், முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், தொடங்கிய பின் எந்தக் கணத்திலும் நிறுத்தும் உரிமையும் நோயாளரிடமே இருக்க வேண்டும்.

துல்லியம் யாருக்காக?

இனி 1916 இல் விட்ட கேள்விக்கு வருகிறேன். மூளையைத் துல்லியமாகத் தூண்டும் ஆய்வுக்குப் பணம் தருபவர்களில் இராணுவங்களும் இருக்கின்றன. அமெரிக்க விமானப்படை ஆய்வகம், கண்காணிப்புப் பணியிலிருப்பவர்களின் கவனத்தைக் கூட்டுவதற்கு மின்தூண்டலைப் பரிசோதித்திருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘டார்பா’ ஆய்வு முகவரகம் 2019 மே மாதத்தில் ஆறு குழுக்களுக்கு நிதியளித்தது. மூளையைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யாமலே மூளையிலிருந்து வாசிக்கவும் மூளைக்குள் எழுதவும் கூடிய கருவி வேண்டும்; 16 கன மில்லிமீற்றர் அளவுக்குள் 16 தனித்தனி வழிகள் வேண்டும்; அதுவும் 50 மில்லி செக்கனுக்குள் நடக்க வேண்டும் என்பது இலக்கு. அவற்றில் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு மூளைக்குள் எழுதுவதற்குத் தெரிவு செய்தது, குறுக்கிடும் மின்புலங்களைத்தான். அந்தத் திட்டம் காயப்பட்டவர்களுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. உடல்நலமுள்ள படையினர் ஆளில்லா விமானங்கள் போன்றவற்றை இயக்குவதற்காகவே அது அறிவிக்கப்பட்டது.

ஒரே தொழில்நுட்பம் இல்லாத காலின் வலியையும் குறைக்கலாம், கால்களைப் பறிக்கும் ஆயுதத்தை இயக்குபவரின் கவனத்தையும் கூட்டலாம். உலகம் இதை மெதுவாக உணரத் தொடங்கியிருக்கிறது. சிலி நாடு 2021 இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி, மூளையின் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறப்படும் தகவல்களையும் பாதுகாத்தது. யுனெஸ்கோ 2025 நவம்பரில் நரம்புத் தொழில்நுட்ப ஒழுக்கநெறி பற்றிய பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. பொதுமக்களைக் கண்காணிப்பதையே வழக்கமாகக் கொண்ட அரசுகளின் கீழ் வாழும் மக்களுக்கு இப்படியான பாதுகாப்புகள் மற்றவர்களைவிட அவசியமானவை.

வாங்கி அனுப்பலாமா?

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு என் பதில் இது. வழக்கமான அளவுக்குள், மேற்பார்வையோடு செய்யப்படும் மென்மின் தூண்டல் பெரிய ஆபத்துத் தந்ததாகத் தெரியவில்லை. 2016 இல் வெளியான மீளாய்வொன்று 33,000 இற்கும் மேற்பட்ட அமர்வுகளைப் பார்த்து, பாரதூரமான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்றது. தோல் சிவத்தல், எரிவு, சில வேளைகளில் சிறு தீக்காயம் என்பன ஏற்படலாம். ஆனால் அந்தக் கணக்கு தலைக்காயம் இல்லாதவர்களைப் பெரும்பாலும் கொண்டது. தாங்களாகவே தலைக்கு மின்னோட்டம் கொடுத்துக்கொள்பவர்களை எச்சரித்து, அதே ஆண்டில் 39 ஆய்வாளர்கள் பகிரங்கக் கடிதம் ஒன்றில் கையொப்பமிட்டார்கள். மூளையின் ஒரு பகுதியைத் தூண்டும்போது வேறு பகுதியின் வேலை பாதிக்கப்படலாம் என்பதும், ஒரே அளவு ஆளுக்கு ஆள் வேறு விளைவு தரலாம் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் அடங்கும்.

எனவே தலையில் செல்துண்டு உள்ளவருக்கோ, தலைக்காயம் பட்டவருக்கோ, ஒருமுறையேனும் வலிப்பு வந்தவருக்கோ இக்கருவியை வாங்கி அனுப்ப வேண்டாம். அப்படி எதுவும் இல்லாதவரென்றாலும், யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ அருகிலுள்ள உளநலப் பிரிவிலோ வைத்தியரைக் காட்டாமல் தொடங்க வேண்டாம். எடுக்கும் மாத்திரைகள் சில மின்தூண்டலின் விளைவை மாற்றக்கூடியவை. அவற்றையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். விற்பவர் ‘துல்லியம்’ என்றால், எந்த இடத்தைக் குறிவைக்கிறது, என் தலையை அளந்தா கணித்தீர்கள், எத்தனை பேரிடம் போலித்தூண்டலோடு ஒப்பிட்டீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதற்குப் பதில் இல்லாத கருவிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கருவிக்கு ஒதுக்கிய அந்தக் காசு இருந்தால், இப்போதைக்கு அதற்கு வேறு பயன் உண்டு. ஊரிலிருந்து கிளினிக்குக்கு மாதம் தவறாமல் போய்வரும் பயணச் செலவு, பொருந்தாமற்போன செயற்கைக் காலை மாற்றும் செலவு, இரவில் உறங்காத தாயோடு பேச வரும் உளவளத்துணையாளரின் வேலைக்கான கொடுப்பனவு என்று பல தேவைகள் கண்முன்னே நிற்கின்றன. துல்லியமான மின்னோட்டம் வரட்டும். வரும்போது எங்கள் காயங்களையும் கணக்கில் எடுத்து வரவேண்டும் என்று இப்போதே கேட்போம். அதுவரை அந்தத் தாயின் கதவைத் தட்டி, இருந்து கேட்க ஒருவர் தேவைப்படுகிறார்.